தேய்த்தும் உதிராத முடிச்சு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

“மேடம், புதுசா ஒண்ணு கெடச்சிருக்குது” என்று யாராவது மூச்சிரைக்க ஓடிவந்தால், முதலில் உட்காரச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவது என் வழக்கம். இதை வைத்து உங்கள் மூத்தவர்கள் என்னைக் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். வேலையில் இருந்தவரை பதில் சொல்ல நேரமில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீருக்குக் காரணமான பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடம் அப்போது செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஒரு அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், கூடவே தவிட்டுத் தூசியும் உள்ளே வரும். அதனால் நாங்கள் மலையைப் பார்த்ததில்லை. தலைவர் சென்னையில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து, தூசியைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, வேலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

எங்கள் பயிர் வேர்க்கடலை. இந்தப் பக்கம் அதை மல்லாட்டை என்பார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன், வேர்க்கடலை என்றால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. மல்லாட்டை வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். ஆனால் குடித்தனக்காரர்கள் கூடிக்கொண்டே போனால் வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் ஒரு கட்டத்தில் வேர் “போதும்” என்று இலைக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதியைச் சுமந்து போவது மிகச் சின்னப் புரதங்கள். அவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் ஒரு குடும்பமாக இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று முழுதாகக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

சொல்வது சுலபம். இவை இத்தனூண்டு மரபணுக்கள் என்பதால், மரபணுக்களைத் தேடும் மென்பொருள் இவற்றைக் குப்பையென்று தள்ளிவிடும். போதாக்குறைக்கு, உறுப்பினர்களுக்குள் உடம்பு ஒன்றுபோல இருக்காது. குடும்பச் சாயல் வாலில், அதாவது புரதத்தின் கடைசித் துண்டில் மட்டும்தான், அதுவும் ஒரு டஜன் எழுத்து இருந்தால் அதிகம். செடி அந்த வாலைத்தான் வெட்டியெடுத்துச் சேதியாக அனுப்புகிறது. ஆகவே நாங்களும் வாலை வைத்தே தேடினோம். வால் ஒத்துப்போனால் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டோம்.

இந்த வேலையைத் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்துகொண்டிருந்தவள் சங்கீதா. மேல்மலையனூர் சாலையில் ஒரு கிராமத்துப் பெண். அப்பா ஏழுமலை மல்லாட்டை விவசாயி. சங்கீதா நின்றுகொண்டே சாப்பிடுவாள், ஓடிக்கொண்டே பேசுவாள், என்னோடு வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுவாள். நான் சொன்னதை “சரிங்க மேடம்” என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகள் நிறைய பேர். அவர்கள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. இவள் விஷயத்தில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

தொட்டிச் செடியின் முடிச்சு வேண்டவே வேண்டாம் என்று முதல் சண்டை. “தொட்டி மண்ணுல வளர்றது ஆஸ்பத்திரில வளர்ற புள்ள மாதிரி மேடம். எங்க நைனா நெலத்துல வந்து பாருங்க, முடிச்சு எப்டி இருக்குதுன்னு” என்றாள். பார்த்தேன். ஆடிப் பட்டத்துப் பயிர், வேர் முழுக்க முடிச்சு. ஏழுமலை ஒரு செடியைப் பிடுங்கி மகளைவிடப் பெருமையாகக் காட்டினார். அந்த முடிச்சுகளைக் கழுவி எடுத்துவந்து அரைத்து, அவற்றில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று வாசிக்க அனுப்பினோம்.

வாசிப்பு வந்த அன்றுதான் அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். குடும்பத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு புது உறுப்பினர். வால் அச்சாகப் பொருந்துகிறது. முடிச்சில் அமோகமாக இருக்கிறது, இலையில் துளியும் இல்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்த “போதும்” இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கூடத்தில் ஒரே கொண்டாட்டம். அதற்குப் புது மருமகள் என்று செல்லப்பெயர்கூட வைத்துவிட்டோம். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான்.

சந்தேகங்கள் வராமல் இல்லை. மல்லாட்டையின் மரபணுத் தொகுதி ஏற்கெனவே வெளியாகியிருந்தது, அதில் இந்த மரபணு இல்லையே? அது வேறு ரகம், நம்முடையது உள்ளூர் ரகம் என்று சொல்லிக்கொண்டோம். மல்லாட்டை இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானது, அதனால் ஒவ்வொரு மரபணுவுக்கும் பெரும்பாலும் ஒரு ஜோடி உண்டு, இது மட்டும் ஏன் ஒண்டிக்கட்டை? ஜோடி எப்போதோ தொலைந்திருக்கும் என்றோம். முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவுடையதாக இருந்தால்? அதையெல்லாம் முதலிலேயே வடிகட்டியாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் கைவசம் இருந்தது. பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரே ஒரு பொருளைப் பற்றி மூன்று சந்தேகம் வந்து, மூன்றுக்கும் சம்பந்தமில்லாத மூன்று சமாதானம் உங்களுக்குக் கிடைத்தால், அப்போதுதான் பயப்பட வேண்டும்.

கட்டுரை எழுதியாயிற்று. சங்கீதாவின் உதவித்தொகை முடிகிற காலம். இந்தக் கட்டுரை வெளியானால் ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகம் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வெளியாகாவிட்டால் வேறு வழி எதுவும் அவள் கையில் இல்லை. அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிடச் சொன்னேன். சேதியை வேர் மட்டும் அனுப்பலாம், ஆனால் அந்தச் சேதியின் மரபணு செடியின் ஒவ்வொரு செல்லிலும் இருந்தாக வேண்டும். இலையின் டி.என்.ஏ.வை எடுத்து, அதில் மருமகள் இருக்கிறாளா என்று பார்த்துவிடு என்றேன். அடுத்த சண்டை. “எல்லாம் தெரிஞ்ச விசயத்துக்கு எதுக்கு மேடம் டைம் வேஸ்ட்டு?” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. சங்கீதா சந்தோஷத்தில் அம்மாவிடம் போனில் சொல்ல, அம்மா தன் தம்பியிடம் சொல்ல, அந்தத் தம்பி செஞ்சிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ப்ளக்ஸ் கடை வைத்திருந்தார். சேகர் என்று பெயர். நம் துறையில் ஒரு கண்டுபிடிப்பை நாலு பேர் ஒப்புக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். சேகர் மாமாவுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை போதும். மறுநாள் கூட்டு ரோட்டில் பதாகை நின்றது. பின்னால் கோட்டை, முன்னால் சங்கீதா, நடுவில் அவள் தலையைவிடப் பெரிய மல்லாட்டை. “மல்லாட்டையில் புது ஜீன் கண்ட செஞ்சியின் செல்வ மகளே!” வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா, அனைவரும் வருக. யாரோ அனுப்பிய பதாகைப் படத்தைப் பார்த்து எங்கள் தலைவரே சென்னையிலிருந்து வாழ்த்துச் சொன்னார்.

வியாழக்கிழமை இலைச் சோதனை முடிந்தது. வேரிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் மருமகள் பளிச்சென்று இருந்தாள். இலையில் இல்லை. சுத்தமாக இல்லை.

“இலையில சரியா எடுக்கல மேடம், நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றாள் சங்கீதா. அதே இலையில் குடும்பத்தின் வேறு ஒரு மரபணுவைத் தேடிப் பார்த்தோம். சமர்த்தாக வந்து நின்றது. இலையில் குறையில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

தலைவருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை, ஏமாற்றச் சொல்கிற மனிதரும் இல்லை. “ஒரு தடவை செய்த சோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. விழா முடியட்டும். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு இறங்கட்டும். அப்புறம் நிதானமாகத் திரும்பச் செய்து பார்க்கலாம்” என்றார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நிதானத்துக்கும் பயத்துக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. இதே சோதனை நமக்குச் சாதகமாக வந்திருந்தால், திரும்பச் செய்யலாம் என்று சொல்லியிருப்போமா? சொல்லியிருக்க மாட்டோம். இனிப்பு வாங்கியிருப்போம்.

போனை வைத்துவிட்டு சங்கீதாவிடம், “வாலை மூடிடு. மிச்ச உடம்பை மட்டும் வெச்சித் தேடு” என்றேன். அதுவரை வால் பொருந்தியதே என்ற மகிழ்ச்சியில் உடம்பை யாரும் ஊன்றிப் பார்க்கவில்லை. தேடினாள். உலகத்தில் எந்தச் செடியோடும் அது ஒத்துப்போகவில்லை. வேரில் குடியேறும் ஒரு வகைப் புழுவோடு ஒத்துப்போனது. அதன் மரபணுவை வெளிநாட்டில் எவரோ ஏற்கெனவே விவரித்தும் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் நேராக நிலத்துக்குப் போய், கார்த்திகைப் பட்டத்துக்கு அப்பா போட்டிருந்த பயிரில் சில செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தொட்டியில் வைத்து வேரைக் கழுவி, கட்டைவிரலால் முடிச்சைத் தேய்த்தாள். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் மணிபோல உதிர்ந்துவிடும். சில உதிர்ந்தன. பல உதிரவில்லை. அந்த இடத்தில் வேரே வீங்கியிருந்தது. உதிராத ஒன்றை வகுந்து நுண்ணோக்கியில் வைத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று, பேரிக்காய் வடிவத்தில், ஒரு பெண் புழு உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். இந்தப் புழு வேருக்குள் புகுந்து, அங்கேயே தனக்குச் சமையல்கட்டுக் கட்டிக்கொடுக்கும்படி செடியையே ஏவுகிறது. ஏவுவதற்குச் செடியின் பாஷை வேண்டுமே? அதனால் அதே குடும்ப வாலை ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தைத் துப்புகிறது. செடி வாலைப் பார்த்து நம்மவர் என்று நம்பிவிடுகிறது. நாங்களும் வாலைப் பார்த்துத்தான் நம்பினோம். செடி ஏமாந்த அதே இடத்தில் நாங்களும் ஏமாந்திருக்கிறோம்.

கத்தரியாகவோ தக்காளியாகவோ இருந்திருந்தால் வேரில் வீக்கத்தைப் பார்த்ததுமே “புழு விழுந்துடுச்சி” என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மல்லாட்டையில் மட்டும் முடிச்சு என்றால் சந்தோஷம். நிறைய முடிச்சு, நிறைய சத்து என்று நாமே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முடிச்சைத் தேடிப் போனவர்களுக்கு முடிச்சு கிடைத்தது. அது எந்த முடிச்சு என்று கேட்கத் தோன்றவில்லை.

சங்கீதா நுண்ணோக்கியிலிருந்து தலையெடுக்காமல் சொன்னாள். “மேடம், ரெண்டு மூணு போகமா மகசூல் கொறஞ்சிக்கினே வருதுன்னு நைனா சொல்லிக்கினு இருந்தாரு. வெதை சரியில்லன்னு கடைய மாத்துனாரு. நான்தான், முடிச்செல்லாம் நல்லா இருக்குதே நைனா, நெலத்துல ஒண்ணும் கொறையில்லன்னு சொன்னேன்.” எனக்குத் தாங்கவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கட்டுரை போயிற்றே, ஹைதராபாத் போயிற்றே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையெல்லாம் நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இருவரும் சேகர் மாமா கடைக்குப் போனோம்.

“மாமா, விழா வேணாம். அது மல்லாட்டை ஜீன் இல்ல. புழுவோடது.”

“புழுவோடதுன்னா இன்னா? நீதான கண்டுபுடிச்ச?”

“ஏற்கெனவே வேற ஆளுங்க கண்டுபுடிச்சிட்டாங்க மாமா.”

“அது செஞ்சில எவனுக்குத் தெரியும்?” என்றார் மாமா மிகுந்த அன்போடு. “மண்டபம் புக் பண்ணியாச்சி. சாம்பாருக்குச் சொல்லியாச்சி. பஞ்சாயத்துத் தலைவரு வராரு, ஸ்கூலு எச்செம்மு வராரு. நீ வந்து நில்லு, சால்வைய வாங்கிக்க, போ. டென்சன் ஆவாத.”

வெளியே வந்ததும், “நீ வர வேணாம். நான் போய் நாலு வார்த்தை சொல்லிடறேன்” என்றேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். “எங்க ஊரு மேடம். நீங்க சொன்னா, மேடம் இவள காப்பாத்துதுன்னு பேசிக்குவாங்க. நான்தான் சொல்லணும்.” நான் ஒதுங்கிக்கொண்டேன். பொறுப்பில் இருப்பவர்கள் முன்னால் நிற்க வேண்டிய சமயம் உண்டு. சமயத்தில் நகர்ந்து இடம் விடவும் தெரிய வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற சிறப்புப் பேருந்துகள் ஊரை அடைத்துக்கொண்டு நின்றன. விழா தாமதமாகத்தான் தொடங்கியது. ஏழுமலை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊராட்சித் தலைவர் பேசினார், பள்ளித் தலைமையாசிரியர் பேசினார், சேகர் மாமா யாரும் கேட்காமலே இரண்டு முறை பேசினார். பிறகு நீலப் பட்டுப் புடவையில் சங்கீதா மைக் முன்னால் வந்தாள். கையில் ஒரு மல்லாட்டைச் செடி இருந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். நீங்க எனக்கு சால்வ போட வந்திருக்கீங்க. ஆனா நான் கண்டுபுடிச்சது தப்பு. அது மல்லாட்டையோட ஜீன் இல்ல. எங்க நைனா நெலத்துல, வேருக்குள்ள இருக்கற புழுவோட ஜீன்.” கூட்டம் சலசலத்தது. அவள் நிறுத்தவில்லை. செடியைத் தூக்கிப் பிடித்து, “இது நல்ல முடிச்சு, தேச்சா உதிருது. இது உதிரல பாருங்க. இது புழு. உங்க நெலத்துலயும் இருக்கலாம். மகசூல் கொறஞ்சா வெதைய மட்டும் கொற சொல்லாதீங்க, ஒரு செடிய புடுங்கித் தேச்சிப் பாருங்க” என்றாள்.

பின்னாலிருந்து ஒருவன், “அப்ப சால்வைய புழுவுக்குப் போடுங்கப்பா” என்றான். சிரித்தார்கள். சேகர் மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏழுமலை எழுந்தார். மகளைத் திரும்பிப் பார்க்காமல் மண்டபத்தை விட்டு வெளியே போனார். மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். சிரித்தவனுக்காகக் கலங்காத முகம் அப்போது கலங்கியது.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கட்டுரை போகவில்லை. ஹைதராபாத்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். தலைவர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை, பிறகு பேசினார், அவளுடைய உதவித்தொகையை நீட்டிக்கக் கையெழுத்தும் போட்டார். மருமகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய குடும்பத்தை மட்டும் வைத்து சங்கீதா பட்டம் வாங்கினாள். ஒரு வாலை மட்டும் நம்பிக் குடும்பத்தில் சேர்க்கக்கூடாது என்று தன் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதினாள். நீங்கள் இன்று புது உறுப்பினரைச் சேர்க்கும் முன் இலையில் பார்க்கிறீர்களே, அந்த வழக்கமும் என் சொம்புத் தண்ணீரும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் இதைச் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை.

விழா நடந்த அன்று சாப்பிடாமலே ஆட்டோ பிடித்து நாங்கள் இருவரும் ஏழுமலை பின்னால் போனோம். வீட்டில் இல்லை. நிலத்துக்குப் போனோம். கஞ்சி போட்ட சட்டை மோட்டார் கொட்டகைக் கதவில் தொங்கியது. ஏழுமலை பனியனோடு பயிருக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிடுங்கிப்போட்ட செடிகள் குவியலாகக் கிடந்தன. கையில் இருந்த வேரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நைனா.”

அவர் நிமிரவில்லை.

“ஊரு முன்னாடி உன்ன அசிங்கப்படுத்திட்டேன் நைனா. முன்னாடியே உங்கிட்ட சொல்லியிருக்கணும். தைரியம் வரல.”

“ஊரு கெடக்குது வுடு” என்றார். “இத்த பாரு. உதிரவே மாட்டேங்குது. இந்த வரிசையில ஒண்ணுகூட உதிரல.” வேரை அவளிடம் நீட்டினார். விரலெல்லாம் மண். “பூ வெச்சிருக்குது பாப்பா. இந்த நேரத்துல போயி... நெலம் முழுக்கவே அப்டித்தானா? எது வரைக்கும் வந்துக்குது? எனக்கு இன்னா தெரியும், நீ சொல்லு.”

அவள் அழுதுகொண்டே அந்த வேரை வாங்கிப் பார்த்தாள். பிறகு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

“எல்லாத்தயும் புடுங்காத நைனா, நல்ல செடியும் பூடும். அஞ்சாறு அடி தள்ளித் தள்ளி ஒண்ணு பாத்தாப் போதும். நீ அந்த வரப்புலேருந்து வா. நான் இந்தக் கோடிலேருந்து வரேன்.”

ஏழுமலை எழுந்து எதிர்வரப்புக்குப் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் இறங்கினேன். என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லை, இருக்கும்படியும் சொல்லவில்லை. சாலையில் அமாவாசைப் பேருந்துகள் போய்க்கொண்டே இருந்தன. நாங்கள் மூன்று பேரும் பிடுங்கினோம், மண்ணை உதறினோம், தேய்த்தோம். சங்கீதா பக்கம் உதிரவில்லை. என் பக்கமும் உதிரவில்லை. ஒவ்வொரு செடிக்கும் அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்ப்பாள், அவர் அங்கிருந்து தலையை இல்லையென்று ஆட்டுவார்.

வெயில் சாய்ந்த பிறகு, கிணற்றோரத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

“பாப்பா! இங்க உதிருதுமா! இங்கேருந்து அந்தாண்ட எல்லாம் உதிருது!”

அவள் கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டு, பயிரை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடினாள்.